சுரண்டச் சுரண்டப் பெருகும் கடற்சாமந்தி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உப்புநீர் மீன்தொட்டி வைத்திருக்கும் இருவர் சந்தித்துக்கொண்டால், மீனைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள், பவளங்களைக் கொல்லும் அய்ப்டேசியா என்ற சிறு கடற்சாமந்தி பேச்சுக்கு வந்துவிடும். தண்ணீர் கெட்டுப்போனதால்தான் அது வருகிறது என்பார் ஒருவர். பிளேடு எடுத்துச் சுரண்டிவிட்டால் போதும் என்பார் மற்றவர். கடைக்காரரோ சிவப்புக் கோடு போட்ட ஓர் இறாலைக் காட்டி, இதை விட்டால் ஒரே வாரத்தில் தின்று தீர்த்துவிடும் என்பார். மூன்று பேச்சிலும் ஏதோ கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் மூன்றையும் அப்படியே நம்பி இறங்கினால் தொட்டி பாழாகிவிடும்.

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் ஆசை ஆசையாகத் தொட்டி அமைத்து, பவளங்கள் ஒவ்வொன்றாகக் கருகுவதைக் கண்டு மனம் நொந்து, கடைசியில் எல்லாவற்றையும் வந்த விலைக்கு விற்றவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் பலர் அப்படி விட்டிருக்கவே வேண்டாம். இந்த உயிர் எப்படி வாழ்கிறது, எப்படிப் பெருகுகிறது என்ற இரண்டும் தெரிந்திருந்தால் போதும். அவற்றைத்தான் இங்கே அடிப்படையிலிருந்து விளக்கப் போகிறேன்.

இது என்ன உயிர்?

அய்ப்டேசியா அழுக்கு அல்ல, பாசி அல்ல, நோயும் அல்ல. அது ஒரு விலங்கு. கடற்சாமந்தி என்ற பெருங்கூட்டத்தைச் சேர்ந்த ஒரு சிறிய இனம். ஆங்கிலத்தில் அனிமோன் என்று சொல்லப்படும் இந்தக் கூட்டத்துக்குப் பவளமும் ஜெல்லி மீனும் உறவு. எலும்பு கிடையாது, மூளையும் கிடையாது. உடல் ஒரு குழாய், அவ்வளவுதான். குழாயின் மேல்முனையில் ஒரே ஒரு வாய். உணவு உள்ளே போவதும் கழிவு வெளியே வருவதும் அந்த ஒரே வழியில்தான். வாயைச் சுற்றி மெல்லிய கைகள் வட்டமாக விரிந்திருக்கும். அவற்றை உணரிழைகள் என்று வைத்துக்கொள்வோம். குழாயின் கீழ்முனை அகன்று தட்டையாகிப் பாறையைப் பற்றிக்கொண்டிருக்கும், அது அடித்தட்டு. பின்னால் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இந்த அடித்தட்டுதான் ஆதாரம்.

தொட்டிகளில் நாம் காண்பது பெரும்பாலும் எக்ஸாய்ப்டேசியா டயாஃபானா என்ற இனம். பழுப்பு நிறம், ஓரளவு ஒளி ஊடுருவும் உடல், நுனி கூர்ந்த உணரிழைகள், சில சென்டிமீட்டர் உயரம். இதோடு சேர்த்துத் திட்டு வாங்கும் இன்னொன்று மஜானோ. அது குட்டையாக, பச்சையோ பழுப்போ கலந்து இருக்கும். உணரிழைகளின் நுனி சற்றே உப்பியிருக்கும். மஜானோ பார்க்க அழகாக இருப்பதால், புதிதாகத் தொட்டி வைத்தவர்கள் அதைப் பவளம் என்று எண்ணி விட்டுவைப்பதுண்டு. மருந்து வைத்து ஒழிக்கும் முறை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே அய்ப்டேசியாவைப் பற்றியே பேசுகிறேன்.

எல்லாக் கடற்சாமந்தியும் பகை என்று எண்ணிவிட வேண்டாம். சொத்வானா விரிகுடாப் பாறைகளில் கோமாளி மீன்கள் குடியிருக்கும் பெரிய கடற்சாமந்திகள் அந்தக் கடலுக்கே அழகு. நமக்குத் தொல்லை தருவது, சின்னஞ்சிறு இடத்தில் அளவில்லாமல் பெருகும் இந்த ஒன்றிரண்டு இனங்கள் மட்டுமே.

ஏன் அது மற்றவற்றைக் கொல்கிறது?

ஓய்வான ஒரு நேரத்தில் கைவிளக்கும் பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு ஓர் அய்ப்டேசியாவை உற்றுப் பாருங்கள். உணரிழைகள் நீரோட்டத்தில் மெல்ல அசைந்துகொண்டிருக்கும். பிளாஸ்டிக் குழாயின் நுனியால் பக்கத்தில் லேசாகத் தொட்டால், முழு உடலும் சுருங்கிப் பாறையின் துளைக்குள் போய்விடும். ஒரு பழுப்புப் பொட்டு மட்டும் மிஞ்சும். இன்னும் கொஞ்சம் சீண்டினால், அதன் வாயிலிருந்தும் உடலின் பக்கவாட்டில் உள்ள நுண்துளைகளிலிருந்தும் வெண்ணிற நூல்கள் வெளியே பாயும். அந்த நூல்களிலும் உணரிழைகளிலும் நெருக்கமாகப் பதிந்திருப்பவை கொட்டுச்செல்கள். ஒவ்வொரு கொட்டுச்செல்லுக்குள்ளும் நுண்ணிய ஓர் உறை. உறைக்குள் சுருட்டி வைத்த நூல். ஏதாவது உயிர் பட்டவுடன் கண்ணிமைப்பதற்குள் அந்த நூல் வெளியே பாய்ந்து, நஞ்சை உள்ளே செலுத்துகிறது.

நம் கைத்தோலில் அது பெரும்பாலும் உறைப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் பவளத்துக்கு அப்படியல்ல. ஓர் அய்ப்டேசியா பக்கத்தில் வேரூன்றினால் பவளம் அந்தப் பக்கத்துச் சதையைச் சுருக்கிக்கொள்ளும். நாளடைவில் அந்த ஓரம் வெளுத்து எலும்பு தெரியும். காலியான அந்த இடத்தில் அய்ப்டேசியாவின் குஞ்சுகள் ஏறும்.

ஆக, அய்ப்டேசியா ஒரு விலங்கு. இடத்துக்காகப் பக்கத்து உயிரைக் கொட்டி விரட்டுகிறது. ஆபத்து வந்தால் துளைக்குள் ஒளிந்துகொள்கிறது.

கோரைக் கிழங்கும் அடித்தட்டும்

தோட்டத்தில் கோரைப்புல் பிடுங்கியவர்களுக்கு இந்தப் பகுதி எளிதாகப் புரியும். எங்கள் க்வாசூலு-நாட்டால் மாகாண மண்ணில் கரும்புக் காட்டிலும் காய்கறிப் பாத்தியிலும் கோரை ஒரு தீராத தலைவலி. மேலே தெரியும் புல்லைப் பிடித்து இழுத்தால் சட்டென்று கையோடு வந்துவிடும். பார்ப்பதற்கு நிலம் சுத்தமாகிவிட்டது போல இருக்கும். ஆனால் கீழே கிழங்குகள் அப்படியே கிடக்கின்றன. மண்வெட்டியால் கொத்தினாலோ கிழங்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து பாத்தி முழுவதும் பரவுகின்றன. மழை ஒன்று பெய்தால் போதும், பிடுங்கிய இடத்தில் ஒன்றுக்குப் பலவாகக் கிளம்பும். கோரையை ஒழிக்கக் கிழங்கை ஒழிக்க வேண்டும் என்று வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரியும்.

அய்ப்டேசியாவுக்கு அடித்தட்டுதான் கிழங்கின் இடத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. கோரைக் கிழங்கைப் பிரித்துப் பாத்தி முழுவதும் பரப்புவது பெரும்பாலும் நம் மண்வெட்டிதான். அய்ப்டேசியாவுக்கு யாருடைய உதவியும் தேவையில்லை. அது பாறையின்மேல் மெல்ல மெல்ல நகரக்கூடியது. நகரும்போது அடித்தட்டின் ஓரத்திலிருந்து மணலளவுச் சிறு துண்டுகள் கிழிந்து பின்தங்கிவிடும். அந்தத் துண்டு ஒவ்வொன்றும் உருண்டு திரண்டு, ஒன்றிரண்டு வாரங்களில் வாயும் உணரிழையும் முளைத்து முழு விலங்காகிவிடும். இதற்கு அடித்தட்டுக் கிழிதல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஆண், பெண் சேர்க்கை எதுவும் தேவையில்லை. தாயின் மரபணு நகலே ஒவ்வொரு குஞ்சும். முட்டையும் விந்தும் விட்டுப் பெருகும் வழியும் இதற்கு உண்டு. என்றாலும் தொட்டிக்குள் காடாகப் பெருகுவது பெரும்பாலும் கிழிதலால்தான்.

இப்போது பிளேடுக்கு வருவோம். சுரண்டும்போது மேலே இருக்கும் குழாய் போய்விடுகிறது. அடித்தட்டின் பிய்ந்த சதை பாறையின் சொரசொரப்பில் ஒட்டிக்கொண்டு மிஞ்சுகிறது. பறந்த துண்டுகளைப் பம்பு தொட்டி முழுவதும் கொண்டுபோகிறது. "அண்ணா, நேற்றே சுரண்டி எடுத்துவிட்டேன், இப்போது ஒன்றுகூட இல்லை" என்று மகிழ்ச்சியோடு சொல்லும் தம்பிகளிடம், மூன்று வாரம் கழித்துப் பார் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊசியால் குத்துவது, இடுக்கியால் பிடித்து இழுப்பது, பல்துலக்கியால் தேய்ப்பது எல்லாமே இந்தக் கணக்கில்தான் சேரும்.

சுருக்கமாகச் சொன்னால், கிழிந்த ஒவ்வொரு துண்டும் ஒரு குஞ்சு. எனவே எந்த முறையைக் கையாண்டாலும் அது விலங்கைத் துண்டாக்காமல் முழுதாகக் கொல்ல வேண்டும். மற்ற எல்லா விதிகளும் இந்த ஒரு விதியிலிருந்து பிறப்பவைதான்.

விளக்கை அணைத்தால் சாகாதா?

சாகாது. இதற்கும் காரணம் உண்டு. அய்ப்டேசியாவின் சதைக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அந்தப் பழுப்பு நிறமே அவற்றுடையதுதான். இவற்றைக் கூட்டுப்பாசிகள் என்போம். அவை ஒளியைக் கொண்டு சர்க்கரை தயாரித்து, அதில் ஒரு பங்கை விலங்குக்குக் கொடுக்கின்றன. விலங்கின் கழிவில் உள்ள நைட்ரஜனை எடுத்துக்கொள்கின்றன. பவளங்களும் இதே ஏற்பாட்டில்தான் வாழ்கின்றன.

ஒளி இல்லாவிட்டால் அய்ப்டேசியா வெளுத்துப்போகும், ஆனால் உணவு கிடைக்கும்வரை உயிரோடு இருக்கும். மிதந்து வரும் மீன் தீனித் துணுக்கையும் குட்டி இறாலையும் உணரிழையால் பிடித்துத் தின்றே காலம் தள்ளும். உணவைக் குறைத்தாலோ ஒளியைக் கொண்டு பிழைத்துக்கொள்ளும். விளக்கை அணைத்து அதைப் பட்டினி போட நினைத்தால், அதற்குமுன் உங்கள் பவளங்கள்தான் சாகும்.

இந்த உறுதி ஆய்வுக்கூடங்களுக்கு வரமாகிவிட்டது. பவளம் ஏன் வெளுக்கிறது என்பதை ஆராய, வளர்க்கக் கடினமான பவளத்துக்குப் பதிலாக பல விஞ்ஞானிகள் அய்ப்டேசியாவை வளர்க்கிறார்கள். அதன் மரபணுத் தொகுதி 2015ஆம் ஆண்டிலேயே வெளியிடப்பட்டுவிட்டது. கடல் வெப்பமாவதால் பவளப் பாறைகளுக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றி நாம் அறிந்தவற்றில் ஒரு பங்கு, நாம் வெறுக்கும் இந்த உயிர் தந்ததுதான். அதை நினைக்கும்போது எனக்கு அதன்மேல் மரியாதையே வருகிறது.

நம் நாட்டு மின்வெட்டும் இங்கே கணக்கில் வருகிறது. 2023இல் மின்வெட்டு உச்சத்துக்குப் போனபோது, பம்பு நின்று, பிராணவாயு குறைந்து, தொட்டிகளில் மீனும் பவளமும் மடிந்தன. செத்தவை அழுகித் தண்ணீரில் சத்து ஏறியது. அந்தச் சத்தைத் தின்று முதலில் தலைதூக்கியது அய்ப்டேசியா. தண்ணீர் கெட்டால் அது வருகிறது என்ற பேச்சுக்கு மூலம் இதுதான். அது வானத்திலிருந்து வருவதில்லை. முன்பே ஒரு மூலையில் இருந்தது, வசதி கிடைத்ததும் பெருகியது. தீனியை அளவோடு போடுவது அதன் வேகத்தைக் குறைக்கும், ஆனால் அதைக் கொல்லாது.

சுண்ணாம்பு வைத்தியம்

எண்ணிக்கை குறைவாக இருந்தால் எனக்குப் பிடித்த வழி சுண்ணாம்புதான். கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற நீற்றிய சுண்ணாம்பின் தூய பொடி, பவளத் தொட்டிக் கடைகளில் கால்க்வாசர் என்ற பெயரில் விற்கிறது. பூஜை அறையில் வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பை எடுத்துவிடாதீர்கள். பொருள் ஒன்றுதான் என்றாலும், அதில் வாசனையோ நிறமோ வேறு எதுவுமோ கலந்திருக்கக்கூடும்.

இது எப்படிக் கொல்கிறது? தண்ணீர் அமிலமா, காரமா என்பதை அளக்கும் எண்ணுக்கு பி.எச். என்று பெயர். 7 என்றால் நடுநிலை. அதற்கு மேலே காரம். ஒவ்வொரு படி ஏறும்போதும் காரத்தின் வலிமை பத்து மடங்காகிறது. நம் தொட்டி நீர் 8.1 முதல் 8.4 வரை இருக்கும். செறிவான சுண்ணாம்பு நீரோ 12.4 வரை போகும். நான்கு படி வேறுபாடு, அதாவது பத்தாயிரம் மடங்கு. அந்தக் காரம் பட்ட இடத்தில் உயிரணுக்களின் சவ்வும் புரதமும் கரைந்துவிடும். விலங்கு அந்தக் கூழைத் தானே விழுங்கிவிட்டால் உள்ளிருந்தே கரைந்து, அடித்தட்டு உட்பட எல்லாம் போய்விடும். துண்டு மிஞ்சாது.

ஆகவே அதை விழுங்க வைப்பதில்தான் வித்தை இருக்கிறது. முதலில் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குக் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பொடியில் சொட்டுச் சொட்டாகச் சுத்த நீர் விட்டு, இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகக் குழையுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் மெல்லிய குழாயைப் பொருத்தி அதில் ஏற்றிக்கொள்ளுங்கள். எல்லாப் பம்புகளையும் நிறுத்திவிட்டு, நீர் அசைவு அடங்கும்வரை பொறுங்கள். குழாயின் நுனி உணரிழையில் படாமல், வாய்க்கு நேர் மேலே கொண்டுபோய் மிக மெதுவாக ஒரு துளி இறக்குங்கள். தீனி வந்தது என்று எண்ணி அது வாயைத் திறக்கும். அப்போது மீதியை இறக்கி, வாயும் உணரிழைகளும் மூடும்படி வெள்ளைக் கூழால் போர்த்திவிடுங்கள். பயந்து துளைக்குள் போய்விட்டால் துளை நிறையும்வரை கூழை ஊற்றுங்கள். கால் மணி நேரம் கழித்துப் பம்பைப் போடலாம். மிஞ்சிய வெள்ளைப் படலத்தைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

பேராசை வேண்டாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் தீர்த்துவிட நினைத்து நிறையக் கூழ் போட்டால், தொட்டி முழுவதற்கும் பி.எச். ஏறி மீன்கள் மூச்சுத் திணறும். சிறிய தொட்டியில் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு போதும். பக்கத்துப் பவளத்தின்மேல் கூழ் வழியும் இடத்தில் இந்த முறையே வேண்டாம். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் மருந்துப் பசைகளில் பலவும் இதே முறையில் வேலை செய்பவைதான். எலுமிச்சைச் சாறும் வெந்நீரும் ஊசியால் ஏற்றுபவர்கள் உண்டு; அவை பலிக்கலாம். ஆனால் ஊசி குத்தியவுடன் அது சுருங்கிக் கிழிந்தால் பழைய கதைதான்.

ஒரு எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்கிறேன். தொட்டியில் இருந்த பாறையைக் கொதிநீரில் போட்டு வேகவைக்காதீர்கள். சில பொத்தான் பவளங்களில், குறிப்பாகப் பாலித்தோவா வகையில், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அது ஒட்டியிருக்கும் பாறையை வேகவைத்து, ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் பல நாடுகளில் உண்டு. அய்ப்டேசியாவுக்காக அந்த ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

தின்னும் உயிர்கள்

நூற்றுக்கணக்கில் பெருகிவிட்டால் சிரிஞ்சு தாங்காது. அப்போதுதான் அதைத் தின்னும் உயிர்களை நாட வேண்டும்.

கடைக்காரர் காட்டும் அந்த இறாலிலிருந்து தொடங்குவோம். அய்ப்டேசியாவைத் தின்பதாகப் பெயர் பெற்றது பெப்பர்மிண்ட் இறால். லிஸ்மாட்டா என்ற பேரினத்தைச் சேர்ந்தது, அட்லாண்டிக் கடலின் மேற்குக் கரையிலிருந்து வருவது. ஒளி ஊடுருவும் உடலில் நீளவாட்டில் மெல்லிய சிவப்புக் கோடுகள். இதே தோற்றத்தில், நம் ஊரின் பெயரையே தாங்கிய இன்னொரு இறால் இருக்கிறது: ரைன்கோசினெட்டஸ் டர்பனென்சிஸ். இசபெல்லா கார்டன் என்ற விலங்கியலாளர் 1936இல் இதற்குப் பெயர் சூட்டினார். இதன் முதுகு கூனியிருக்கும், கண்கள் பெரியவை, சிவப்புக் கோடுகளுக்கு இடையே வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும் இருக்கும், முகத்தின் முன்னால் நீண்டிருக்கும் கொம்பு, கீல் வைத்ததுபோல் மேலும் கீழும் அசையும். இது அய்ப்டேசியாவை ஒழிப்பதற்குப் பதிலாகப் பவளங்களின் சதையையே கொறிக்கக்கூடியது. காசு கொடுப்பதற்குமுன் கூனையும் கொம்பையும் பாருங்கள்.

சரியான பெப்பர்மிண்ட் இறாலாகவே இருந்தாலும், அது சிறிய அய்ப்டேசியாவைத்தான் விரும்பும். வயிறு நிறைய மீன் தீனி கிடைத்தால் அதையும் தொடாது. தீனியைக் குறைத்து, இரவில் வேலை செய்ய விட வேண்டும்.

பட்டாம்பூச்சி மீன்களில் நீண்ட மூக்குடைய காப்பர்பேண்ட் மீன் நன்றாகத் தின்னும். ஆனால் பெரிய தொட்டி வேண்டும்; பல மீன்கள் வேறு உணவைத் தொடாமலே இளைத்துச் சாகின்றன. புதியவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது பெர்கியா. ஓடில்லாத ஒரு சிறிய கடல் நத்தை. முதுகு முழுவதும் விரல் விரலாக நீட்சிகள். அய்ப்டேசியாவைத் தவிர வேறு எதையும் அது தின்னாது. இரவில் பாறை இடுக்குகளில் ஊர்ந்து, சிரிஞ்சு போக முடியாத இடத்தில் இருப்பதையும் தேடித் தின்னும். கொட்டுச்செல்கள் அதை என்ன செய்யும் என்று கேட்பீர்கள். தின்ற கொட்டுச்செல்களில் ஒரு பகுதியை வெடிக்காமலே காப்பாற்றி, முதுகு நீட்சிகளின் நுனியில் சேர்த்துவைத்துத் தன் பாதுகாப்புக்கே பயன்படுத்திக்கொள்கிறது அது. எதிரியின் ஆயுதத்தைத் தின்றே ஆயுதம் ஏந்தும் உயிர்.

பெர்கியாவுக்குப் பொறுமை தேவை. ஒன்றோ இரண்டோ விட்டால் கண்ணில் படாமலே போய்விடும். சிறு கூட்டமாக, விளக்கணைத்த பிறகு, அய்ப்டேசியாவுக்குப் பக்கத்திலேயே விட வேண்டும். சுருள் சுருளாக வெள்ளை முட்டைகள் பாறையில் தெரிந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். பெப்பர்மிண்ட் இறாலும், வ்ராஸ் என்ற வகை மீன்களும் நத்தையையே தின்றுவிடும். ஆகவே இறாலையும் பெர்கியாவையும் ஒரே தொட்டியில் விடாதீர்கள், இரண்டில் ஒன்றுதான். சுண்ணாம்பு போட்ட அய்ப்டேசியாவின் பக்கமும் பெர்கியாவை விடக்கூடாது. கடைசி அய்ப்டேசியா தீர்ந்தால் அதுவும் பட்டினியால் செத்துவிடும். அதற்குமுன் பிடித்து, தொல்லைப்படும் இன்னொருவரின் தொட்டிக்குக் கொடுத்துவிடுங்கள். நம் வட்டத்தில் நத்தைகள் கைமாறினால் எல்லாருக்கும் செலவு குறையும்.

கையில் எண்ணக்கூடிய அளவு என்றால் சுண்ணாம்பு, காடாகிவிட்டால் பெர்கியா, நடுத்தரமாக இருந்து, பவளம் குறைவான தொட்டி என்றால் பெப்பர்மிண்ட் இறால்.

எப்படி உள்ளே வருகிறது, எங்கே போக வேண்டும்

அய்ப்டேசியா தொட்டிக்குள் வரும் முக்கிய வழி இரண்டு: பவளத் துண்டு ஒட்டியிருக்கும் அடிக்கட்டை, அல்லது உயிர்ப்பாறை. உயிர்ப்பாறை என்பது, கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் நுண்துளைப் பாறை. புதுப் பவளம் வாங்கினால் அதன் அடிக்கட்டையை வெட்டி எறிந்துவிட்டு, புதிய கட்டையில் ஒட்டுங்கள். முடிந்தால் நான்கிலிருந்து ஆறு வாரம் தனித் தொட்டியில் வைத்துக் கண்காணியுங்கள். மறைந்திருக்கும் துண்டு அதற்குள் முளைத்துக் காட்டிவிடும். பவளத்தை நனைத்து எடுக்கும் கழுவு மருந்துகள் புழுக்களுக்கு நல்லவை. அய்ப்டேசியாவுக்கு அவற்றை நம்ப வேண்டாம். கடலிலிருந்து நாமே பாறை பெயர்த்துக் கொண்டுவரும் எண்ணமும் வேண்டாம். பவளத்தையும் உயிர்ப்பாறையையும் அனுமதியின்றி எடுப்பதை 1998ஆம் ஆண்டின் கடல்வாழ் வளச் சட்டம் தடுக்கிறது.

ஒரு சிறு பாறை முழுவதும் அய்ப்டேசியா ஏறிவிட்டால், அதை வெளியே எடுத்து நல்ல வெயிலில் சில வாரம் காயவிடுங்கள். பாக்டீரியாவும் சாகும், எனவே தொட்டியின் பாறை முழுவதையும் ஒரே நேரத்தில் இப்படி எடுக்கக்கூடாது. உறிஞ்சி எடுத்த தண்ணீரையும் சதைத் துண்டுகளையும் ஒரு வாளியில் விட்டு, ப்ளீச் ஊற்றி, மறுநாள் கழிவறையில் கொட்டுங்கள். அந்த வாளியில் ப்ளீச்சைத் தவிர வேறு எந்தத் துப்புரவு மருந்தும் சேரக்கூடாது. நச்சு வாயு கிளம்பும். டர்பன் துறைமுகத்திலோ கடற்கரைப் பாறைக் குட்டைகளிலோ அந்தத் தண்ணீரை ஊற்றாதீர்கள். நம் தொட்டிகளில் இருப்பவை எந்தக் கடலிலிருந்து வந்தவை என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஒரு துண்டு பிழைத்தாலும் அங்கே பெருகுவதற்குப் போதும்.